சாவி யார் கையில் இருந்தது? – ‘தி அபார்ட்மென்ட்’ (1960)

‘தி அபார்ட்மென்ட்’ படம் ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க் நகரத்தின் மக்கள்தொகை 80,42,783 என்கிறான் கதாநாயகன். சராசரி உயரம் 5 அடி ஆறரை அங்குலம் என்று வைத்துக்கொண்டு, ஒருவர் காலடியில் அடுத்தவர் தலை வருகிற மாதிரி எல்லோரையும் படுக்க வைத்தால், டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து கராச்சியின் எல்லை வரைக்கும் வரிசை வருமாம். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பதால் இந்த மாதிரி விவரமெல்லாம் தனக்குத் தெரியும் என்கிறான்.

மூணாவது தடவை பார்க்கும்போது படத்தை நிறுத்திவிட்டு கால்குலேட்டரை எடுத்தேன். தொழில் புத்தி, என்ன பண்றது. பெருக்கிப் பார்த்தால் வரிசையின் நீளம் சுமார் 13,585 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியில் அளந்தால் டைம்ஸ் ஸ்கொயரிலிருந்து கராச்சி சுமார் 11,700 கிலோமீட்டர்தான். ஆக வரிசை கராச்சியோடு நிற்காது. சும்மா ஒரு ஆசைக்குச் சென்னையைப் போட்டுப் பார்த்தேன். சுமார் 13,470 கிலோமீட்டர். நம்ம ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஆட்கள் மிச்சம்!

இதைப் படத்தின் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குரல் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கடைசி இலக்கம் வரை துல்லியம், முடிவு மட்டும் எங்கேயோ போகிறது, ஆனால் சொல்கிறவனுக்குத் துளி சந்தேகம் கிடையாது. 20 வருஷமாக ஆஃபீஸ்களில் நான் பார்த்த எக்செல் ஷீட்களில் பாதி இந்த ரகம். அந்தக் குரலுக்காகவே இந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். 125 நிமிஷம்தான்.

கதை

சி.சி. பாக்ஸ்டர் (ஜாக் லெமன்) ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தா. 19-வது மாடி, 861-ம் எண் மேஜை. கையில் வரும் சம்பளம் வாரத்துக்கு 94 டாலர் 70 சென்ட். சென்ட்ரல் பார்க் பக்கத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட், மாச வாடகை 85 டாலர். தனி ஆள். ஆனால் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போக முடியாது. ஏனென்றால் அவனுடைய நாலு மேனேஜர்கள் அந்த வீட்டை முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். எல்லோரும் கல்யாணமானவர்கள். மனைவிக்குத் தெரியாமல் பெண்களைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் வேண்டும். பாக்ஸ்டர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பான். பதிலுக்கு மாதாந்தர ரிப்போர்ட்டில் அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவார்கள்.

விஷயம் பர்சனல் டைரக்டர் ஷெல்ட்ரேக் (ஃப்ரெட் மக்மரே) காதுக்குப் போகிறது. வேலை போகப் போகிறது என்று பாக்ஸ்டர் நடுங்குகிறான். அவரும் சாவியைத்தான் கேட்கிறார். பதவி உயர்வு வருகிறது, கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறை வருகிறது. ஷெல்ட்ரேக் கூட்டிக்கொண்டு வருவது லிஃப்ட் இயக்கும் ஃப்ரான் க்யூபலிக்கை (ஷர்லி மக்லேன்). பாக்ஸ்டர் மனசுக்குள் ஆசை வைத்திருக்கும் அதே பெண். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி அவள் அவனுடைய வீட்டிலேயே தூக்க மாத்திரைகளை விழுங்கிவிடுகிறாள்.

இதை ஒரு காமெடி என்று விற்றார்கள். காமெடிதான், நிறைய இடங்களில் வாய்விட்டுச் சிரிக்கலாம். வெளிவந்தபோது சில விமர்சகர்களுக்கு அருவருப்பாகவும் இருந்தது. ஆனால் 10 ஆஸ்கர் பரிந்துரைகள் வாங்கி, சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, கலை இயக்கம், படத்தொகுப்பு என்று 5 விருதுகளை எடுத்துக்கொண்டு போனது.

இயக்குநர் பில்லி வைல்டர். பெர்லினிலிருந்து 1933-ல் தப்பித்து வந்தவர். டேவிட் லீன் எடுத்த ‘ப்ரீஃப் என்கவுன்டர்’ (1945) படத்தில் ஒரு ஜோடி சந்திப்பதற்காக நண்பனின் ஃப்ளாட்டைப் பயன்படுத்தும் கட்டம் வரும. அதில் நண்பன் ஒரு துணைப் பாத்திரம், அவ்வளவுதான். வைல்டருக்கு அந்த ஜோடியைவிட அந்த வீட்டுக்காரன்மேல்தான் ஆர்வம். எல்லோரும் போன பிறகு அந்தப் படுக்கையில் வந்து தனியாகப் படுக்கிறவன் யார்? அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி அதைப் படமாக எடுக்க முடியாது. விதிகள் தளரும்வரை காத்திருந்து, எழுத்துக் கூட்டாளி ஐ.ஏ.எல். டயமண்டோடு உட்கார்ந்து எழுதினார்.

அந்த ஆஃபீஸ்

படத்தின் மிகப் பிரபலமான காட்சி 19-வது மாடி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேஜை, மேஜை, மேஜை. கூரையில் விளக்குகள் ஒரு புள்ளியில் போய்ச் சேர்கின்றன. இதை வடிவமைத்தவர் அலெக்ஸாண்டர் ட்ரவுனர். செட் அவ்வளவு பெரிது இல்லை. பின்னால் போகப் போக மேஜைகளைச் சின்னதாக்கி, அங்கே உட்கார உயரம் குறைவான ஆட்களைப் பிடித்து, அதற்கும் பின்னால் அட்டை உருவங்களை வைத்துவிட்டார். கிங் விடோர் 1928-ல் எடுத்த ‘தி க்ரவ்ட்’ மௌனப் படத்திலும் இதே மாதிரி மேஜைக் கடல் உண்டு. அங்கே கதாநாயகனின் மேஜை எண் 137. 30 வருஷத்தில் 137, 861 ஆகிவிட்டது.

எனக்குப் பிடித்த விவரம் வேறு. நிறுவனத்தில் 31,259 பேர், லிஃப்ட் 16. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் நெரிசல். அதனால் மாடிவாரியாக வேலை நேரத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். பாக்ஸ்டர் மாடிக்கு 8:50 முதல் 5:20 வரை. சர்வரில் லோடைப் பிரிக்கிறோமே, அதே வேலைதான். மனிதர்களை வைத்துச் செய்திருக்கிறார்கள். பாக்ஸ்டர் மேஜையில் இருக்கிற கணக்குப் பொறி தடதடவென்று ஓட, அதன் தாளத்துக்கு அவன் தலையும் ஆடுவதைக் கவனியுங்கள். வைல்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

ஒரு காய்ச்சல், ஐந்து ஃபோன்

திரைக்கதை எழுதுகிறவர்கள் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ராத்திரி பார்க் பெஞ்சில் நடுங்கிக் கிடந்ததில் பாக்ஸ்டருக்குச் சளி, ஜுரம். அன்று ஒரு நாளாவது தன் படுக்கையில் தான் தூங்க வேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஃபோனை எடுக்கிறான். இன்றைக்கு முறை வைத்திருந்தவரைக் கெஞ்சி வேறு நாளுக்குத் தள்ள வேண்டும். அந்த நாளில் வேறொருவர் இருக்கிறார், அவரை நகர்த்த வேண்டும். அவருடைய நாளில் இன்னொருவர். ஒவ்வொருவரும் தன் ஜோடியைக் கேட்டுவிட்டுத்தான் சரி சொல்வார். காலண்டரில் பென்சிலால் அழித்து அழித்து எழுதுகிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு ஷெட்யூலிங் ஜோக். ஆனால் அவன் எவ்வளவு சாமர்த்தியசாலி என்று இங்கேதான் தெரிகிறது. யாருக்கும் கோபம் வராமல் நாலு பேரையும் நகர்த்துகிறான். அந்தத் திறமையெல்லாம் எதற்கு? தன் வீட்டில் தான் ஒரு ராத்திரி படுப்பதற்கு. ‘முடியாது’ என்ற ஒரு சொல்லில் முடிய வேண்டிய வேலை, ஐந்து ஃபோன் கால் ஆகிறது.

ஷெல்ட்ரேக் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதும் அழகு. வெவ்வேறு துறையைச் சேர்ந்த நாலு பேர் ஒரே சமயத்தில் ஒரு சாதாரண குமாஸ்தாவைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். ஏன் இவனுக்கு இவ்வளவு மவுசு? தரவில் ஒரு புள்ளி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. சரியாகப் பிடித்துவிடுகிறார். தப்பைக் கண்டுபிடித்த ஆள் அதைத் திருத்துவார் என்று நாம் நினைப்போம். அவர் ஐந்தாவது ஆளாக வரிசையில் சேர்ந்துகொள்கிறார்.

மக்மரேவை இந்த வேஷத்துக்குப் போட்டது நல்ல முடிவு. அமெரிக்கர்களுக்கு அவர் நல்ல மனுஷர். முந்தின வருஷம்தான் டிஸ்னியின் ‘தி ஷாகி டாக்’ படத்தில் அப்பாவாக வந்து குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். இதே வைல்டர் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தில் அவரைக் கொலை செய்யும் காப்பீட்டு ஏஜென்ட்டாகக் காட்டியதை மறந்திருப்பார்கள். ஷெல்ட்ரேக் ஒரு இடத்தில்கூட குரலை உயர்த்துவதில்லை. கிறிஸ்துமஸ் பரிசாக ஃப்ரானுக்கு 100 டாலர் நோட்டை எடுத்துக் கொடுக்கும்போதுகூட, நேரமில்லாததால் கடைக்குப் போகவில்லை என்கிற சகஜம்தான். அந்த நோட்டைக் கையில் வாங்கியபோது ஃப்ரானுக்குத் தன் விலை தெரிந்துவிடுகிறது. மக்லேன் அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் பண்ணுவதில்லை. அதனாலேயே நமக்குப் பகீரென்கிறது.

கண்ணாடி

இந்தப் படத்தில் பொருட்கள் கை மாறுவதைத் தொடர்ந்து பார்த்தாலே கதை புரிந்துவிடும். சாவி, தொப்பி, 100 டாலர் நோட்டு, அப்புறம் உடைந்த கண்ணாடி.

வீட்டில் யாரோ ஒரு பெண் மறந்துவிட்டுப் போன சின்ன முகக்கண்ணாடியை பாக்ஸ்டர் எடுத்து ஷெல்ட்ரேக்கிடம் திருப்பிக் கொடுக்கிறான். உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. பிறகு கிறிஸ்துமஸ் பார்ட்டியில், புதுப் பதவிக்காக வாங்கிய வட்டத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நன்றாயிருக்கிறதா என்று ஃப்ரானிடம் கேட்கிறான். அவள் தன் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டுகிறாள். அவ்வளவுதான். யாரும் எதையும் விளக்குவதில்லை. விரிசல் விழுந்த கண்ணாடியில் தொப்பி போட்ட தன் முகத்தைப் பார்க்கிறான். உடைந்திருக்கிறதே என்கிறான். தெரியும், தான் உள்ளுக்குள் இருக்கிற மாதிரியே அது காட்டுகிறது என்கிறாள் அவள்.

ஒரே ஷாட்டில் இரண்டு விஷயம். அந்தப் பெண் யார் என்பது அவனுக்குத் தெரிகிறது. தான் யார் என்பதும் தெரிகிறது. இதுவரை சாவி கொடுத்தது முகம் தெரியாத பெண்களுக்காக. அதனால் உறுத்தவில்லை. இப்போது முகம் வந்துவிட்டது.

எனக்கு இருக்கிற இரண்டு மனக்குறைகள்

புகழ்ந்தே எழுதினால் அது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும். இரண்டு இடத்தில் படம் என்னை இடறுகிறது.

ஒன்று. ஃப்ரானை எப்படித் தெரியும் என்று பாக்ஸ்டர் அவளிடமே சொல்கிறான். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டுக் கோப்பில் அவளுடைய அட்டையை எடுத்துப் படித்திருக்கிறான். உயரம், எடை, சோஷியல் செக்யூரிட்டி எண், பொன்னுக்குவீங்கி வந்தது, தட்டம்மை வந்தது, குடல்வால் ஆபரேஷன் நடந்தது, எல்லாம் ஒப்பிக்கிறான். படம் இதைக் காதல் குறும்பாகக் காட்டுகிறது. இன்றைக்கு ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் அணுகல் இருக்கிற பையன் இதைச் செய்தால் நேராக வீட்டுக்குத்தான். காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அனுமதியில்லாமல் அடுத்தவர் வாழ்க்கைக்குள் நுழைவதைப் பற்றிய படம் இது. அதே வேலையைக் கதாநாயகன் செய்யும்போது மட்டும் படம் சிரித்துவிட்டுக் கடந்து போகிறது.

இரண்டு. மிஸ் ஓல்சன். ஷெல்ட்ரேக்கின் செக்ரட்டரி, அவருடைய பழைய காதலியும்கூட. தனக்கு முன்னால், தனக்குப் பின்னால் யார் யார் என்று ஃப்ரானிடம் பட்டியல் போட்டுச் சொல்பவள். அதற்காக வேலையை இழக்கிறாள். போகும்போது ஷெல்ட்ரேக்கின் மனைவிக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொல்ல ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறாள். படத்தில் முதலில் கணக்குத் தீர்த்தது பாக்ஸ்டர் இல்லை, இவள்தான். அதில் பழிவாங்கலும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் படம் அவளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஈடி ஆடம்ஸ் அவ்வளவு நன்றாக நடித்தும் அந்த நாற்காலி காலியாகிவிடுகிறது.

மனுஷனாக இரு

பக்கத்து வீட்டு டாக்டர் ட்ரைஃபஸ் (ஜாக் க்ரூஷன்) தினம் ராத்திரி சுவர் வழியாகக் கேட்கும் சத்தத்தை வைத்து பாக்ஸ்டரைப் பெரிய பெண்பித்தன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஃப்ரானைப் பிழைக்க வைப்பவர் அவர்தான். கன்னத்தில் அறைந்து, காபியை ஊற்றி, தூங்கவிடாமல் அறைக்குள் நடக்க வைக்கிறார். கொஞ்ச நேரம் முன்புவரை சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துவிடும். பழி முழுக்கத் தன் மேல் விழுந்தும் பாக்ஸ்டர் வாயைத் திறப்பதில்லை. இத்திஷ் மொழியில் ‘மென்ஷ்’ என்று ஒரு சொல். டாக்டர் அவனை ‘மென்ஷ்’ ஆகச் சொல்கிறார். ‘மனுஷனா இருடா’ என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான்.

கடைசியில் ஷெல்ட்ரேக் மறுபடி சாவி கேட்கிறார். புத்தாண்டு ராத்திரி, மறுபடி ஃப்ரான். பாக்ஸ்டர் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறான். சாவி தப்பு என்கிறார் ஷெல்ட்ரேக். அது வீட்டுச் சாவி இல்லை, பெரிய அதிகாரிகளுக்கான கழிவறைச் சாவி. 27-வது மாடியில் அவன் சம்பாதித்ததன் அடையாளம். தொப்பியை, எதிரே வந்த துப்புரவுத் தொழிலாளி தலையில் வைத்துவிட்டுப் போகிறான்.

முதல் இரண்டு தடவை பார்த்தபோது இதில் எனக்கு ஒரு குறை தெரிந்தது. நாலு மேனேஜர்கள் எத்தனையோ பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது மறுக்காதவன், தான் விரும்பும் பெண் என்றதும்தானே மறுக்கிறான்? இதில் என்ன பெரிய கொள்கை?

இப்போது அப்படித் தோன்றவில்லை. அதற்கான காரணத்தைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

2018-ல் நான் ஒரு நிறுவனத்தில் டீம் லீட். ஒன்பது பேர். அப்ரைசலில் பெல் கர்வ். யாராவது ஒருவரைக் கீழ்த்தட்டில் போட்டே ஆக வேண்டும். என் மேலே இருந்தவர் ஒரு காபி நேரத்தில் சொன்னார்: “அந்த அம்மா ஆறு மாசம் மெட்டர்னிட்டி லீவ்ல இருந்தாங்க இல்ல? அவங்களைப் போட்டுடுங்க. மத்தவங்க யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க.” அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை. மீதி ஆறு மாதத்தில் அந்தப் பெண் செய்த வேலை டீமில் இரண்டாவது இடத்தில் இருந்தது. எனக்குத் தெரியும், ரெவ்யூ பண்ணியது நான்தான்.

‘விசிபிலிட்டி குறைவு’ என்று காரணம் டைப் பண்ணினேன். சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. மூணு மாசத்தில் அவர் ராஜினாமா செய்தார். அடுத்த வருஷம் எனக்கு பிரமோஷன் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பாக்ஸ்டராலும் முடிந்திருக்காது.

அந்த பிரமோஷன் வந்த வாரம்தான் இந்தப் படத்தை மூணாவது முறை பார்த்தேன். கண்ணாடித் தடுப்பு அறைக்குள் பாக்ஸ்டர் மேஜை நாற்காலியைத் தடவிப் பார்க்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொள்கை என்று ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. என்னிடமும் இருந்தது, அந்தக் காபி நேரத்திலும் இருந்தது. கொள்கையை வைத்துக்கொண்டே ‘சரி சார்’ சொல்ல முடியும். ‘முடியாது’ என்று சொல்ல வைப்பது ஒரு முகம். அதைத்தான் வைல்டர் காட்டுகிறார். பாக்ஸ்டருக்கு அது உடைந்த கண்ணாடி வழியாகத் தெரிந்தது, ரொம்பத் தாமதமாக. ஒரு உயிர் கிட்டத்தட்டப் போன பிறகு. இதைப் பலவீனமான முடிவு என்று நினைத்தது என் தப்பு. இது நேர்மையான முடிவு.

முடிவில் இன்னொரு நேர்மையும் இருக்கிறது. கடைசிக் காட்சியில் இருவருக்கும் நல்ல காலம் பிறந்துவிடுவதில்லை. அவனுக்கு வேலை இல்லை, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறான். முத்தம் கிடையாது. அவன் காதலைச் சொல்கிறான், அவள் சீட்டுக்கட்டை நீட்டி, பேசாமல் சீட்டைப் போடு என்கிறாள். அந்தப் பக்கம் நாலு மேனேஜர்களும் அவரவர் மேஜையில்தான் இருக்கிறார்கள். 31,259 பேர் இருந்த இடத்தில் சிலர் குறைவு. லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்தப் பெண் இப்போது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவார், நானும் அனுப்புவேன். அந்த ரேட்டிங் யார் போட்டது, ஏன் போட்டது என்று இதுவரை நான் அவரிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் டைப் பண்ணி அழித்திருக்கிறேன்.

படத்தைப் பார்க்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். சாவி எத்தனை முறை கை மாறுகிறது என்று எண்ணிக்கொண்டே பாருங்கள். ஒவ்வொரு முறையும் கேட்கிறவர் எப்படிக் கேட்கிறார் என்றும் கவனியுங்கள். எல்லோரும் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்பார்கள்.